பெரியம்மாவின் ஓடிபி: நாரணாபுரத்தில் உட்கார்ந்து படித்த ஒரு ரிசர்வ் வங்கி ஆணை

போன வருஷம் ஜூன் மாதம் நாரணாபுரம் போயிருந்தேன். சிவகாசியை ஒட்டிய ஊர், எனக்கு அம்மா வழி. பேத்தியைக் கல்லூரியில் சேர்க்க 12,000 ரூபாய் எடுக்கணும், கூட வா என்று பெரியம்மா ஏடிஎம்முக்குக் கூட்டிக்கொண்டு போனார். மகளிர் உரிமைத்தொகை மாசம் 1,000 ரூபாய் வருகிறதல்லவா, அதை ஒரு வருஷம் தொடாமல் வைத்திருந்தார். மிச்சம் பிடித்த காசு என்பதால் அன்றைக்கு நல்ல சேலை கட்டியிருந்தார்.

அட்டையைச் செருகினார். பின் நம்பரை அடித்தார். அந்த நம்பர் எண்ணாக அவருக்குத் தெரியாது. விரல் எங்கே ஆரம்பித்து எங்கே போய் முடியணும் என்ற வழியாகத்தான் தெரியும், கோலம் மாதிரி. தொகையைப் போட்டதும் திரை ஓடிபி கேட்டது. 10,000-க்கு மேல் எடுத்தால் அந்த வங்கியில் ஓடிபி. கணக்கில் பதிவாகியிருப்பது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகனின் நம்பர். கூப்பிட்டோம், எடுக்கவில்லை. மிஷின் ஓட்டுகிற நேரம். திரை பழையபடி 'வருக' என்று வந்து நின்றது. திரும்பவும் முயன்றோம், திரும்பவும் அதே.

பின்னால் நின்ற ஒரு அண்ணன் சொன்னார்: "அக்கா, 9,500 போடுங்க, ஓடிபி கேக்காது. மிச்சத்தை நாளைக்கு வந்து எடுத்துக்கோங்க." அப்படியே செய்தோம். மறுநாள் 2,500.

வீட்டுக்கு வந்தும் இது உறுத்திக்கொண்டே இருந்தது. பணத்துக்குச் சொந்தக்காரி நேரில் நிற்கிறார், அட்டை கையில் இருக்கிறது, பின் சரியாக அடிக்கிறார். அவரை நிறுத்திய பூட்டை எப்படித் தாண்டுவது என்பது வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அட்டையைத் திருடி, பின்னையும் தெரிந்துகொண்ட ஒருவன் இருந்தால் அவனுக்கும் தெரிந்திருக்குமே. அப்படியென்றால் அந்த ஓடிபி யாரைத் தடுத்தது?

அதற்கப்புறம், செப்டம்பர் 25 அன்று, ரிசர்வ் வங்கி ஓர் ஆணை வெளியிட்டது. டிஜிட்டல் பணப் பரிவர்த்தனையில் 'இது நீதானா' என்று சரிபார்க்கும் முறைகளைப் பற்றியது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. பத்திரிகைகளில் 'எஸ்எம்எஸ் ஓடிபிக்கு விடை' என்கிற தோரணையில் செய்தி வந்தது. ஆணையைப் படித்தால் அப்படி இல்லை. ஓடிபி ஒழியவில்லை, பல வழிகளில் ஒரு வழியாக நிற்கிறது, அவ்வளவுதான். ஏடிஎம்மில் ஓடிபி கேட்பது அந்தந்த வங்கியின் சொந்த ஏற்பாடு, இந்த ஆணை குறிவைப்பது டிஜிட்டல் பரிவர்த்தனைகளை. ஆனாலும் பெரியம்மாவின் வாடிக்கையாளர் முகம் இதில் எங்காவது தென்படுகிறதா என்று தேடுகிற ஆசையில்தான் படித்தேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் அட்டையால் பணம் கட்டும்போது இரண்டாவது சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது 2009 ஆகஸ்ட் 1 முதல். பல நாடுகள் அதைப் பற்றி யோசிக்காத காலம் அது. இப்போதைய ஆணை அந்த அடிப்படையை விடவில்லை. உனக்குத் தெரிந்த ஒன்று, உன்னிடம் இருக்கும் ஒன்று, உன் உடம்பாகவே இருக்கும் ஒன்று என்ற மூன்று வகையில் குறைந்தது இரண்டு வேண்டும். அட்டை நேரில் இல்லாத பரிவர்த்தனைகளில் ஒன்றாவது அந்தந்த நேரத்துக்குப் புதிதாக உருவாகவேண்டும். ஒன்று களவு போனால் மற்றது பாதிக்கக் கூடாது. இந்த விதிகளை மீறியதால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் வந்தால் வங்கி மறுபேச்சில்லாமல் முழுவதையும் ஈடுகட்ட வேண்டும். இந்தக் கடைசிப் பகுதி நிஜமாகவே நல்ல எழுத்து.

ஆனால் இரண்டு வழிகளில் எது என்று யார் தேர்ந்தெடுப்பது? வாடிக்கையாளருக்குத் தேர்வு கொடுப்பது வங்கியின் விருப்பம் என்று ஆணை விட்டுவிடுகிறது. கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். எனக்குச் சிக்கல் இந்த 'லாம்'-இல்தான். ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸுக்கும் வங்கி காசு கொடுக்கிறது. செயலிக்குள் வரும் அறிவிப்புக்கு அந்தச் செலவு இல்லை. கைக்கு அடக்கமான ஒரு டோக்கன் கருவியை வாடிக்கையாளருக்குக் கொடுத்தால் வாங்கும் செலவு, அனுப்பும் செலவு, தொலைந்தால் மாற்றும் செலவு. இதில் எதை விட்டு எதைப் பிடிப்பார்கள் என்று சொல்லப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

எஸ்எம்எஸ் ஓடிபி பாதுகாப்பில் ஓட்டைதான். சிம்மை மாற்றித் திருடுகிறார்கள், போன் போட்டுக் கேட்டு ஏமாற்றுகிறார்கள். ஆனால் அது எந்தப் பட்டன் போனுக்கும் வரும். செயலிக்குப் போகும்போது பாதுகாப்பு ஒரு படி கூடுகிறது, கூடவே ஊரில் பாதிப் பேர் வாசலுக்கு வெளியே போகிறார்கள். ஸ்மார்ட்போன் இல்லாதவருக்கு என்ன வழி என்பதையும் அதே ஆணை கட்டாயமாகச் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்று. ஒரு பரிவர்த்தனை வழக்கத்துக்கு மாறாக இருந்தால் கூடுதலாகச் சரிபார்க்கலாம் என்கிறது ஆணை. எந்த இடத்திலிருந்து, எந்தக் கருவியிலிருந்து, இதுவரை எப்படிப் பழக்கம் என்றெல்லாம் பார்த்து முடிவு செய்யலாம். நகரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு போன் என்று இருக்கும் வீட்டுக்கு இது பொருந்தும். ஒரு போனில் மூன்று பேர் கணக்குப் பார்க்கிற வீட்டில், ஒரே ஆள் காலையில் சிவகாசியிலும் மதியம் திருப்பூரிலும் இருக்கிற மாதிரித் தெரியும். அவர்கள் வாழ்கிற முறையே 'வழக்கத்துக்கு மாறானது' ஆகிவிடும்.

சரி, பெரியம்மா ஏன் தன் நம்பரையே கொடுக்கவில்லை என்று கேட்கலாம். நானும் கேட்டேன். அவருக்கு ஒரு நம்பர் இருந்தது. ரீசார்ஜ் போடாமல் செத்துப்போனது. முன்பெல்லாம் 10 ரூபாய்க்குப் போட்டால் கிடக்கும், கூப்பிடுகிறவர்கள் கூப்பிடுவார்கள். பிறகு மாசாமாசம் போட்டால்தான் உயிர் என்று ஆகிவிட்டது. பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் போதும், டேட்டா வேண்டாம் என்பவர்களுக்குத் தனித் திட்டம் கொடுத்தாக வேண்டும் என்று டிராய் சொன்னது 2024 டிசம்பரில்தான். 90 நாள் சும்மா கிடக்கும் எண்ணை நிறுத்தி, பிறகு வேறு ஆளுக்கு விற்கலாம். அப்படி விற்ற எண்ணுக்குப் பழைய ஆளின் வங்கிச் செய்திகள் போய்க்கொண்டிருக்கும். ஓடிபி இலவசம் என்று நினைக்கிறோம். அதை வாங்கிக்கொள்ள வாடிக்கையாளர் ஒவ்வொரு மாதமும் ஒரு தொலைபேசிக் கம்பெனிக்கு வாடகை கட்டுகிறார். அந்த வாடகை நின்றால் வங்கியில் இருக்கிற தன் பணத்துக்கு அவர் அந்நியர்.

எங்கள் பக்கத்துக்கென்று ஒரு விசேஷச் சிக்கலும் இருக்கிறது. பயர் ஆபீசுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. (வெளியூர்க்காரர்களுக்கு: பட்டாசு ஆலையை இங்கே பயர் ஆபீஸ் என்போம். தீப்பெட்டி ஆலை தீப்பெட்டி ஆபீஸ். வேலைக்குப் போகிற எல்லோருமே ஆபீசுக்குத்தான் போகிறோம்.) அது உயிர் காக்கும் விதி, அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. பெரியம்மாவின் மருமகள் காலையில் வேன் ஏறினால் சாயங்காலம்தான் போனைத் தொடுவார். வங்கி திறந்திருப்பதும் சரியாக அதே நேரம். கிளையில் உட்கார்ந்திருக்கும் மாமியார், "உன் போனுக்கு ஒரு நம்பர் வந்துருக்காம், சொல்லு" என்று கேட்க ஆள் இல்லை. 5 நிமிஷத்திலோ 10 நிமிஷத்திலோ காலாவதியாகும் ஒரு எண்ணை நம்பி ஒரு முறையைக் கட்டும்போது, எல்லோர் சட்டைப்பையிலும் எப்போதும் போன் இருக்கும் என்று அனுமானிக்கிறார்கள். இந்தியாவின் பட்டாசில் பெரும்பகுதியைச் செய்கிற ஊர்களில், வேலை நேரத்தில் பையில் போன் இல்லாமல் இருப்பதுதான் ஒழுங்கு.

போன் வேண்டாம், ரேகை இருக்கிறதே என்பார்கள். ஆதார் வழிப் பணப் பரிவர்த்தனை, அதாவது தெருமுனைக் கடையில் விரலை வைத்துக் காசு எடுப்பது. வங்கி முகவர்களை வைத்துக்கொள்ள ரிசர்வ் வங்கி அனுமதித்தது 2006-இல். அதன் மேல் ஆதார் வந்து உட்கார்ந்ததும் கிராமங்களில் இது நிஜமாகவே பெரிய வசதி ஆனது. வங்கிக்குப் பஸ் ஏற வேண்டாம், சலான் எழுத ஆள் தேட வேண்டாம். குறை சொல்லும் முன் இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் பெரியம்மா பயர் ஆபீசில் 30 வருஷம் மருந்து வேலை பார்த்தவர். அலுமினியப் பவுடரும் கந்தகமும் வெடியுப்பும் அளைந்த கை. வேலை விட்டு வரும்போது முழங்கை வரை வெள்ளி பூசின மாதிரி இருக்கும், சின்ன வயசில் அதைப் பார்த்து நாங்கள் ஆசைப்பட்டிருக்கிறோம். இப்போது விரல் நுனி வழுவழு. கடைக்காரத் தம்பி ஒரு விரலாக மாற்றி மாற்றி வைக்கச் சொல்வான், துணியில் துடைக்கச் சொல்வான், தேங்காயெண்ணெய் தடவிப் பார்ப்பான். "ரேகை விழல பெரியம்மா" என்பான். இந்த ஊர்களில் இந்த வாக்கியம் 'கரண்ட் இல்ல' மாதிரி, யாரும் ஆச்சரியப்படுவதில்லை. தீப்பெட்டி ஒட்டினவர்கள், அச்சாபீசில் வேலை பார்த்தவர்கள், கல் உடைத்தவர்கள், வயசானவர்கள் எல்லோருக்கும் இது உண்டு. உடம்பு தேய்கிற வேலைகளைச் செய்தவர்களிடம் போய் உடம்பைச் சாவியாகக் கேட்கிறோம்.

தேய்ந்ததையாவது விட்டுவிடலாம், விபத்தில் போனதை என்ன செய்வது? 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம் என்று விருதுநகர் மாவட்டத்தில் தேதிகளுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. செத்தவர்கள் எண்ணிக்கை செய்தியாகும். கை வெந்து, முகம் வெந்து பிழைத்தவர்கள் அதற்கப்புறம் வங்கிக்குப் போகிறார்கள், நிவாரணக் காசை எடுக்க.

இந்த இடத்தில் உச்ச நீதிமன்றத்தின் 2025 ஏப்ரல் 30 தீர்ப்பைச் சொல்லாமல் இருக்க முடியாது. பிரக்யா பிரசூன் என்பவர் அமில வீச்சில் பிழைத்தவர். கணக்குத் தொடங்கப் போனபோது கேமரா முன்னால் கண் சிமிட்டச் சொன்னார்கள். உயிருள்ள ஆள்தானா என்று பார்க்கும் சோதனை. அவரால் சிமிட்ட முடியவில்லை. பார்வையற்றவரான அமர் ஜெயினின் மனுவும் இதோடு சேர்த்து விசாரிக்கப்பட்டது. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையின் பகுதி என்றது. கண் சிமிட்டலுக்கு மாற்று வேண்டும், காகிதவழி கேஒய்சி தொடரவேண்டும், இயந்திரம் நிராகரித்தால் ஒரு மனிதர் பார்த்து முடிவெடுக்க வழி வேண்டும் என்றெல்லாம் 20 உத்தரவுகள். தீர்ப்பு பேசியது கணக்குத் திறக்கும் வாசலைப் பற்றி. தினமும் காசு எடுக்கிற வாசலுக்கும் அதே நியாயம்தானே? ஐந்து மாதம் கழித்து வந்த ரிசர்வ் வங்கி ஆணையில் அந்தத் தீர்ப்பின் வாசனையைத் தேடினேன். பாதுகாப்பு, போட்டி, புதுமை பற்றியெல்லாம் இருக்கிறது. இயலாதவருக்கு மாற்று வழி கொடுத்தே ஆகவேண்டும் என்று ஒரு வரி அதில் போட்டிருக்கலாம்.

அதே ரிசர்வ் வங்கி காகிதக் காலத்தில் எப்படி யோசித்தது என்று பார்த்தால்தான் இந்தக் குறை முழுசாகத் தெரிகிறது. வாடிக்கையாளர் சேவை பற்றிய அதன் தொகுப்புச் சுற்றறிக்கையில், படுத்த படுக்கையாக இருப்பவர்களும் கையெழுத்துப் போட முடியாதவர்களும் எப்படிப் பணம் எடுப்பது என்று ஒரு பகுதி உண்டு. கைரேகை வைக்கலாம். கை இல்லையா, கால் பெருவிரல் ரேகை வைக்கலாம். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட வேண்டும், அதில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும். ரேகையும் வைக்க முடியாதா, ஒரு குறி போதும். இரண்டு கையும் இழந்தவருக்கு? அவர் உடம்பைத் தொட்ட ஒரு பொருளால் வேறொருவர் குறி போட்டாலும் செல்லும். பழைய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை வைத்து இதை எழுதியிருக்கிறார்கள். பணத்தை வாங்கிக்கொள்ளப்போவது யார் என்பதையும் அவரே காட்டிக்கொடுக்கலாம்.

இதை முதல் தடவை படித்தபோது சிவகாசியை மனதில் வைத்து எழுதினார்களோ என்று தோன்றியது. எழுதியவர் யாரோ, ஒரு ஆள் முன்னால் நிற்பதாகக் கற்பனை செய்து, 'அதுவும் இல்லேன்னா?' என்று தனக்குத்தானே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். புதிய ஆணையை எழுதியவர்கள் அந்தக் கேள்வியை வங்கியின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள்.

எங்கள் ஊர் ரேஷன் கடைக்கும் இந்தக் கேள்வி தெரியும். 2020-இல் கைரேகை கொண்டுவந்தார்கள், கொஞ்ச நாள் பெரிய களேபரம். இப்போது ரேகை விழவில்லை என்றால் கருவிழி, அதுவும் இல்லையென்றால் வேறு வழி, கடைக்கே வர முடியாத முதியவர் எழுதிக் கொடுத்தால் வேறொருவர் வாங்கிக்கொள்ளலாம். 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டத்தில் 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே போகத் தொடங்கியது. குறை இல்லாமல் இல்லை. ஆனால் அரிசி விஷயத்தில் 'மிஷின் சொல்லுது, முடியாது' என்று ஒரு பாட்டியைத் திருப்பி அனுப்பினால் ஊரே கேட்கும் என்ற பயம் இருக்கிறது. வங்கிகளுக்கும் 2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி இதைச் சொல்லியது. 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் வீட்டுக்கே போய் அடிப்படைச் சேவை கொடுங்கள் என்று. நான் விசாரித்த கிளையில் அப்படி ஒரு ஏற்பாடு இருப்பதைச் சொல்லவே யோசித்தார்கள்.

மாற்று என்ன என்று கேட்டால், முக்கால்வாசி ஏற்கெனவே கையில் இருக்கிறது. பெரியம்மாவிடம் உள்ள அட்டையில் சிப் இருக்கிறது. அதுதான் 'உன்னிடம் இருப்பது'. பின் நம்பர் 'உனக்குத் தெரிந்தது'. இரண்டும் சேர்ந்தால் இரண்டு காரணிகள், கணக்கு முடிந்தது. முகவர் கடையில் மைக்ரோ ஏடிஎம் கருவியில் அட்டையைச் செருகிப் பின் அடிக்க முடியும். ஆனால் பல கடைகளில் இருப்பது செல்போனில் மாட்டிய ரேகைக் கருவி மட்டும்தான், அது விலை குறைவு. ரேகை விழாத வேலை செய்கிற ஊர்களில் அட்டை வசதியுள்ள கருவி கட்டாயம் என்று ஒரு விதி போதும், பாதி அவஸ்தை தீரும்.

இங்கிலாந்தில் சில வங்கிகள் ரொம்ப காலமாகக் கால்குலேட்டர் அளவில் ஒரு சின்னக் கருவி கொடுக்கின்றன. அட்டையைச் செருகிப் பின் அடித்தால் திரையில் ஒரு எண் வரும். சிம் வேண்டாம், சிக்னல் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம். ஜெர்மனியிலும் இதே மாதிரிக் கருவிகள் உண்டு. இரட்டைச் சரிபார்ப்பு அங்கே கட்டாயமானபோது, செல்போனை மட்டும் நம்பி முறையைக் கட்டாதீர்கள், போன் இல்லாதவருக்கும் வழி வையுங்கள் என்று இங்கிலாந்தின் நிதி ஒழுங்குமுறை அமைப்பு வங்கிகளிடம் சொன்னது. ஐரோப்பிய ஆணையம் 2023 ஜூனில் முன்வைத்த சட்ட வரைவு இன்னும் நேரடியானது. ஒரே ஒரு வழியை மட்டும் சார்ந்திருக்கக் கூடாது, ஸ்மார்ட்போன் வைத்திருப்பதை வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ நிபந்தனை ஆக்கக் கூடாது. 'மறைமுகமாகவோ' என்ற சொல்லை எழுதியவருக்கு வங்கிகளை நன்றாகத் தெரிந்திருக்கிறது. இதெல்லாம் தானாக வந்துவிடவும் இல்லை. ஸ்பெயினில் 2022-இல் கார்லோஸ் சான் ஹுவான் என்ற 78 வயது ஓய்வுபெற்ற மருத்துவர், எனக்கு வயசாயிருச்சு, ஆனா நான் முட்டாள் இல்லை என்று தொடங்கிய இயக்கத்துக்கு 6 லட்சம் கையெழுத்து சேர்ந்த பிறகுதான் அங்கே வங்கிகள் இறங்கிவந்தன.

'அந்த நாடுகளில் பணம் இருக்கு, நம்மால முடியுமா' என்று ஒரு நண்பர் கேட்டார். எல்லோருக்கும் கொடுக்கச் சொல்லவில்லை. கேட்கிறவருக்குக் கொடுங்கள். ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர் யாரும் இந்தக் கருவியைக் கேட்டு வரிசையில் நிற்கப் போவதில்லை.

பட்டன் போனுக்கும் வழி செய்தோமே என்று ரிசர்வ் வங்கி சொல்லலாம். செய்தார்கள். ஸ்டார் 99 ஹேஷ் சேவை 2014-இல் நாடு முழுக்க வந்தது, தமிழிலும் பேசும். 2022 மார்ச் 8-இல் யூபிஐ 123பே வந்தது, குரல்வழியாகவே பணம் அனுப்பலாம். இரண்டும் நல்ல முயற்சிகள். ஆனால் இரண்டிலும் முதல் நிபந்தனை, கணக்கில் பதிந்த எண் உங்கள் கையில் உள்ள போனில் இருக்க வேண்டும். சிம் செத்துப்போன பெரியம்மா அந்த முதல் படியிலேயே நிற்கிறார். போன் மலிவாக இருந்தால் போதும் என்று நினைத்துச் செய்த தீர்வுகள் இவை.

மகனிடம் ஓடிபி கேட்பதையே முறைப்படுத்தினால் என்ன? காகிதத்தில் இது உண்டு. எனக்குப் பதில் இவர் பணம் எடுக்கலாம் என்று எழுதிக் கொடுக்கலாம், கூட்டுக் கணக்கு வைக்கலாம். டிஜிட்டலில் 2024 ஆகஸ்டில் வந்த யூபிஐ சர்க்கிள் இதற்கு அருகில் வருகிறது. ஒருவர் தன் கணக்கிலிருந்து இன்னொருவர் செலவழிக்க வரம்பு வைத்து அனுமதிக்கலாம். ஆனால் அனுமதி கொடுக்கிறவர், அதாவது பணத்துக்குச் சொந்தக்காரர், செயலி வைத்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் பிள்ளைக்குக் கைச்செலவு கொடுக்கிற காட்சியை நினைத்து வடிவமைத்திருக்கிறார்கள். எங்கள் வீடுகளில் நடப்பது தலைகீழ்: சொந்தக்காரியிடம் போன் இல்லை, பிள்ளையிடம் இருக்கிறது. கிளைக்குப் போய் ஒரு படிவத்தில் 'என் மகன் வழியாக, மாதம் இவ்வளவு வரை' என்று எழுதிக் கொடுக்கும் வசதி இருந்தால், இன்று ரகசியமாக நடப்பது வெளிச்சத்தில் நடக்கும்.

இந்த ரகசியம்தான் எனக்கு மிகவும் கவலை தருவது. மோசடி நடந்தால் யார் பொறுப்பு என்பதற்கு 2017 ஜூலை 6-இல் ரிசர்வ் வங்கி விதி வகுத்தது. வங்கி மேலும் தப்பில்லை, வாடிக்கையாளர் மேலும் தப்பில்லை என்றால், 3 வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. ஆனால் ரகசிய எண்ணை நீங்கள் பகிர்ந்திருந்தால் அது உங்கள் அலட்சியம், புகார் கொடுக்கும்வரை போனதெல்லாம் உங்கள் தலையில். கேட்பதற்கு நியாயம்தான். ஆனால் பெரியம்மாவின் ஓடிபி பிறக்கும்போதே திருப்பூரில் பிறக்கிறது. பகிராமல் அவரால் காசு எடுக்கவே முடியாது. முகவர் கடையில் பின்னைத் தம்பியிடம் சொல்லி அடிக்கச் சொல்கிறவர்கள், பேரனிடம் அட்டையைக் கொடுத்து அனுப்புகிறவர்கள், ஆபீஸ் கேட்டில் விட்ட போனுக்கு வந்த எண்ணைக் காவலாளியைப் படிக்கச் சொல்கிறவர்கள் எல்லோரும் விதிப்படி அலட்சியக்காரர்கள். 'ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று வங்கி ஒரு பக்கம் எஸ்எம்எஸ் அனுப்புகிறது (அதுவும் மகன் போனுக்குத்தான் போகிறது). சொல்லாமல் ஒன்றும் நடக்காதபடி முறையை வைத்திருக்கிறது. நாளைக்கு நிஜமாகவே ஒருவன் ஏமாற்றி எடுத்துவிட்டால், "நீங்கதானம்மா சொன்னீங்க" என்று கைகழுவ எல்லாம் தயாராக இருக்கிறது. வங்கி முழு நஷ்டத்தையும் ஈடுகட்ட வேண்டும் என்கிற அந்த நல்ல வரி அப்போது பெரியம்மாவுக்கு உதவுமா? வங்கி விதிகளைச் சரியாகத்தான் பின்பற்றியிருக்கும்.

மறுபக்கம் ஒன்று உண்டு, மறைக்கவில்லை. வழிகள் கூடக் கூடத் திருடனுக்கும் வழிகள் கூடும். பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையைச் சிலிகானில் அச்செடுத்து ஆதார் வழியாகக் காசு எடுத்த வழக்குகள் நாட்டில் பிடிபட்டிருக்கின்றன. டோக்கன் கருவியையும் அட்டையையும் ஒரே பையில் வைத்துத் தொலைப்பார்கள். சாட்சி சொல்ல வந்தவரே ஏமாற்றலாம். கிளையில் ஆள் குறைவு, படிவம் பார்க்க நேரமில்லை என்று வங்கி ஊழியர்கள் சொல்வதும் உண்மை. ஆனால் இந்த அபாயங்களுக்கெல்லாம் தொகை வரம்பு வைக்கலாம், ஒரு நாள் தாமதம் வைக்கலாம், கிளையிலிருந்து ஒரு போன் போடலாம். 9,500-க்கு ஓடிபி வேண்டாம் என்று முடிவு செய்த வங்கிக்கு அபாயத்தை அளந்து வரம்பு போடத் தெரியாமல் இல்லை.

தீபாவளிக்கு மறுபடி போனபோது பெரியம்மாவுக்கு ஒரு பட்டன் போனும் புது சிம்மும் வாங்கிக் கொடுத்து, கிளைக்குப் போய் நம்பரை மாற்றினோம். படிவத்தில் கையெழுத்துப் போடுகிற இடத்தில் பெருவிரலை மையில் ஒற்றி வைத்தார். வழுவழுவென்று ஒரு நீல வட்டம் விழுந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா அதைப் பார்த்தார், பெரியம்மா முகத்தைப் பார்த்தார், முத்திரை குத்தினார்.

போன வாரம் போன் போட்டேன், சுவிட்ச் ஆஃப். மருமகள் நம்பரில் சாயங்காலம் பிடித்துக் கேட்டால், "சார்ஜு வீணாப் போகுதுல்லய்யா, வேணும்போது போட்டுக்கிடுவேன்" என்கிறார். அரிசிப் பானைக்கு மேல் பலகையில் துணி சுற்றி வைத்திருக்கிறாராம்.